புலியான மனிதனும் பேயான பெண்ணும்: மலாய்த் திரையில் உருமாற்றக் கதைகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும் அரசாங்கக் குறிப்புகளையும் தேடிச் செல்வது இயல்பு. ஆயினும், அந்நாட்டு மக்கள் எதற்கு அஞ்சினர் என்பதைக் கல்வெட்டு கூறாது. அதனைக் கூறுபவை பேய்க்கதைகளே. பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றிய ஈயச் சுரங்கப் பகுதிகளிலும் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்ட பால்மரத் தோட்டங்களிலும், மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் மூன்று தலைமுறைக் காலம் அக்கதைகளைத் தத்தம் மொழியில் சொல்லி வந்தனர். அவற்றுள் உருமாறும் உயிர்களைப் பற்றிய கதைகள் தனிச் சிறப்புடையவை. பகலில் மனிதன், இரவில் புலி. கண்ணுக்கு அழகிய மனைவி, குருதியைச் சுவைத்தால் பேய். இக்கதைகளைக் குறைந்த செலவில் படமாக்கி மலாயா முழுவதையும் நடுங்கவும் மகிழவும் செய்தவர்களில் தென்னாட்டுக் கலைஞர் இருந்தனர் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. அதனை ஈண்டுக் காண்போம்.

சிலிம் பள்ளத்தாக்கின் புலி மனிதன்

பேராக் மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது சிலிம் பள்ளத்தாக்கு. 1883ஆம் ஆண்டு பேராக் நிர்வாகத்தில் இளைஞராகச் சேர்ந்து, பின்னர் பகாங்கில் நெடுங்காலம் பணியாற்றிய கியூ கிளிபர்டு என்ற ஆங்கில அதிகாரி, தாம் கேட்ட கதைகளை 1897இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூலில் சிலிம் பகுதியின் புலி மனிதன் கதை இடம்பெற்றுள்ளது.

சுமத்திராவின் கொரிஞ்சி நாட்டிலிருந்து ஹாஜி அலி என்பவர் தம் மக்களுடன் வந்து சிலிமில் குடியேறினார். வாணிகம் செய்து பொருள் சேர்த்தார். தொழுகையில் தவறாதவர் என்று பெயர் பெற்றார். ஊரார் பாத்திமா என்ற பெண்ணை அவருக்கு மணம் முடித்தனர். மணமான சில நாளிலேயே அப்பெண் காட்டு வழியே தாய்வீட்டுக்கு ஓடி வந்து சேர்ந்தாள். ஓரிரவு கணவன் வரும் அரவம் கேட்டுக் கதவைத் திறந்ததாகவும், ஏணிப்படியில் ஒரு புலி நின்றதாகவும், அதன் தலை மட்டும் மெல்ல மெல்லத் தன் கணவன் முகமாக மாறியதாகவும் அவள் கூறினாள். பின்னர் ஊரார் எருமையைக் கொன்ற புலி ஒன்றிற்குப் பொறித்துப்பாக்கி வைத்தனர். புலி காயமுற்றுத் தப்பியது. குருதித் தடம் ஹாஜி அலியின் வீட்டை நோக்கிச் சென்றது. தந்தைக்கு உடல்நலமில்லை என்று மக்கள் கதவை மறைத்தனர். சில நாளில் அக்குடும்பம் ஊரைவிட்டே போயிற்று. பின்னொரு நாளில் ஹாஜி அலியைக் கண்டவர்கள் அவர் காலை நொண்டி நடந்ததாகக் கூறினர்.

இக்கதையில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. புலியாக மாறியவர் உள்ளூர்க்காரர் அல்லர்; கடல் கடந்து வந்தவர். கொரிஞ்சியார் அனைவருக்குமே புலியாகும் வித்தை தெரியும் என்று மலாயாவில் நம்பினர். மேலுதட்டின் நடுவே பள்ளம் இல்லாதவன் புலி மனிதன் என்று அடையாளமும் சொன்னார்கள். புதிதாக வந்து நன்கு பொருளீட்டும் அயலான் ஒருவனைப் பற்றி ஊருக்குள் எழும் ஐயமே இங்கே புலியின் தோலைப் போர்த்திக்கொண்டது என்று எண்ண இடமுண்டு. காட்டில் உண்மைப் புலிகளும் அக்காலத்தில் மிகுதி. ஐயமும் அச்சமும் ஒருங்கே கூடிய இடத்தில் கதை பிறந்தது.

தாயாக முடியாதவளின் பேய்

மலாய்க்காரரின் மற்றோர் உருமாறும் உயிர் பொந்தியானாக். 1900ஆம் ஆண்டு மலாய் மந்திர வழக்கங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஸ்கீட் இதனை விரிவாகக் குறிப்பிடுகிறார். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் லங்சுயிர் என்னும் பேயாவாள். இறந்து பிறந்த குழந்தையே பொந்தியானாக் ஆகும் என்பது பழைய வழக்கு. பிற்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து, தாயின் பேய்க்கே பொந்தியானாக் என்ற பெயர் நிலைத்தது. இறந்த பெண் பேயாகாமல் இருக்க வாயில் கண்ணாடி மணிகளை இடுவர். அக்குளில் முட்டை வைப்பர். உள்ளங்கையில் ஊசி குத்துவர். பேயாகிவிட்டவளைப் பிடித்து அவள் நீண்ட கூந்தலையும் நகத்தையும் வெட்டிக் கழுத்திலுள்ள துளையில் திணித்தால் சாதாரணப் பெண்ணாகி மனைவியாகவும் தாயாகவும் வாழ்வாள் என்றும், ஊர்க் கூத்தில் ஆட நேர்ந்தால் பழைய உருவெடுத்து ஓடிவிடுவாள் என்றும் ஸ்கீட் எழுதியுள்ளார்.

தமிழர்க்கு இக்கதை புதுமையாகத் தோன்றாது. பழையனூர் நீலி வணிகன் ஒருவனின் மனைவி உருவத்தை எடுத்துக்கொண்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, எழுபது வேளாளர் முன் வழக்காடி அவனைக் கொன்றாள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் அந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறது. அதே திருவாலங்காட்டிற்குத்தான், தன் அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரும் வந்து சேர்ந்தார். ஒரே ஊரில் ஒருத்தி பழி தீர்க்க உருமாறினாள். மற்றொருத்தி பற்று நீங்க உருமாறினார். மலையாள நாட்டிலோ கடமற்றத்துக் கத்தனார் யட்சியின் தலையில் இரும்பாணி அறைந்து அவளைப் பெண்ணாக்கியதாகவும், மூதாட்டி ஒருத்தி தலைவாரும்போது ஆணியைக் கண்டு பிடுங்கியதும் யட்சி மறைந்ததாகவும் கதை வழங்குகிறது. மலாய்ப் படங்கள் நாடெங்கும் பரப்பிய நம்பிக்கையும் இதுவே: பிடரியில் ஆணி அறைந்தால் பொந்தியானாக் அழகிய மனைவி ஆகிவிடுவாள்.

இரு நாட்டார்க்கும் இடையே ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணுக்காகத் தமிழ்நாட்டார் வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டினர். இறக்கி வைக்காத சுமையோடு போனவளின் பெயரால், சுமையோடு வருவோர் இளைப்பாறட்டும் என்பது அதன் கருத்து. மலாய்க்காரர் ஊசியும் முட்டையும் வைத்தனர். தமிழர் கல் நாட்டினர். அச்சம் ஒன்று, அதற்குக் கண்ட வழி வேறு. மருத்துவர் இல்லாத காலத்தில் எத்தனை தாய்மார் இவ்வாறு மடிந்தனர் என்பதற்கு அப்பேயும் இக்கல்லும் சான்று.

பேராக் ஈயமும் படத் தொழிலும்

இனித் திரைப்படத்திற்கு வருவோம். மலாய் மொழியில் முதல் பேசும் படம் என்று கூறப்படும் 'லைலா மஜ்னுன்' 1934இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர். போருக்குப் பின் ஷா சகோதரர்களின் மலாய்ப் படக்கூடம் ஜாலான் அம்பாஸ் பகுதியில் இயங்கியபோது, இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தியரே. சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950இல் எடுத்த 'பக்தி' என்ற படத்தில்தான் பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனானார்.

ஷா சகோதரர்க்குப் போட்டியாக 1953இல் கத்தே-கிரிஸ் நிறுவனம் தோன்றியது. லோக் வான் தோ என்னும் செல்வரும் ஹோ ஆ லோக் என்னும் பட வணிகரும் கூடி அதனை அமைத்தனர். லோக் வான் தோவின் தந்தை லோக் இயூ, பேராக்கின் லாருட் பகுதியில் ஈயச் சுரங்கத் தொழிலால் முதற் செல்வத்தைத் திரட்டியவர். ஆகவே கத்தே நிறுவனத்தின் வேர் பேராக் மண்ணில் உள்ளது என்றால் மிகையாகாது.

கத்தே-கிரிஸ் நிறுவனத்திற்கு வந்து சேர்ந்தவர் பி. என். ராவ். மலபார்ப் பகுதியைச் சேர்ந்த இவர், சிங்கப்பூர் செல்லுமுன் தமிழ்ப் பட உலகில் பெயர் பெற்றிருந்தார். 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941), 'தாசி அபரஞ்சி' (1944), 'சாலிவாகனன்' (1945) ஆகியவை அவர் இயக்கியவை. தேவமகளுக்கும் மண்ணுலக மனிதனுக்கும் காதல், மந்திரம், மாயம் என்று நாட்டுக்கதைகளைத் திரையில் நடமாடவிட்டுப் பழகிய கை அவருடையது. அக்கைக்கே பொந்தியானாக் கதை கிடைத்தது.

சொமெல் என்னும் பெண்

'பொந்தியானாக்' படம் 1957 ஏப்ரல் 27இல் சிங்கப்பூர் கத்தே அரங்கில் வெளிவந்தது. கதையை எழுதியவர் அப்துல் ரசாக். நாயகியாக நடித்தவர் அவர் மனைவியும், செலிபிஸ் தீவின் மெனாடோவில் 1932இல் பிறந்தவருமான மரியா மெனாடோ. மலாய்த் திரையின் பேரழகி என்று போற்றப்பட்ட அவர், இப்படத்தில் கூனும் விகாரமும் கொண்ட பெண்ணாகத் தோன்றினார்.

கதை இது. முதியவர் ஒருவர் எடுத்து வளர்த்த பெண் சொமெல். அப்பெயருக்கு அழகி என்று பொருள். ஆனால் ஊரார் அவள் கூனைக் கண்டு நகைத்தனர். முதியவர் இறக்கும் தறுவாயில் தம் மந்திரச் சுவடிகளை எரித்துவிடச் சொன்னார். எரிக்கும்போது அழகு தரும் மருந்தின் குறிப்பு அவள் கண்ணில் பட்டது. மருந்தை உண்டு அழகியானாள். மனிதக் குருதியை ஒருபோதும் சுவைக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பின் ஒத்மான் என்பவனை மணந்து பெண் குழந்தைக்குத் தாயானாள். ஒரு நாள் கணவனைப் பாம்பு கடித்தது. நஞ்சை உறிஞ்சி எடுக்குமாறு அவன் கெஞ்சினான். உறிஞ்சினாள், குருதி நாவில் பட்டது, பொந்தியானாக் ஆனாள்.

பழைய நம்பிக்கையை இப்படம் எவ்வாறு திருத்தியது என்பதை நோக்குக. ஸ்கீட் குறித்த பேய் பிள்ளைப்பேற்றில் இறந்தவள். சொமெல் இறக்கவில்லை, குழந்தையும் நலமே. கணவன் உயிரைக் காக்க முனைந்ததே அவளைப் பேயாக்கிற்று. தீமை செய்து தண்டனை பெறும் பேயாக இருந்திருந்தால் மக்கள் அஞ்சியிருப்பர், அவ்வளவே. நன்மை செய்து பேயானதால் அஞ்சியவர்களே அழுதனர். நீலி கதையில் பெண்ணுக்குப் பழி உண்டு; காரைக்கால் அம்மையார் வரலாற்றில் பற்றின்மை உண்டு. சொமெலுக்கு இரண்டும் இல்லை. அழகாக வேண்டும் என்ற ஆசையும், இல்லறத்தைக் காக்கும் அன்பும் மட்டுமே அவள் குற்றம்.

படம் வாரக்கணக்கில் ஓடியது. அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958இல் 'சும்பா பொந்தியானாக்' என்று ராவ் தொடர்ந்து எடுத்தார். ஷா சகோதரரும் 1958இல் 'அனாக் பொந்தியானாக்' எடுத்தனர். எண்ணெய் பூசிய உடலுடன் இரவில் திரியும் 'ஓராங் மின்யாக்' என்னும் மனிதனைப் பற்றி அதே ஆண்டில் எல். கிருஷ்ணனும் பி. ராம்லியும் தனித்தனியே படம் இயக்கினர். ராம்லியின் படத்திலும் நாயகன் கூனன். அழகு பெற்று, நிபந்தனை மீறி, கேடுற்றான். 1964இல் ராவ் 'பொந்தியானாக் குவா மூசாங்' எடுத்தார். புலி மனிதனும் 1970களின் தொடக்கத்தில் 'ஹரிமாவ் ஜாடியான்' என்ற பெயரில் திரைக்கு வந்தான்.

சிறு செலவில் பெரு நடுக்கம்

உருமாற்றத்தைத் திரையில் காட்டுவது எளிதன்று. 1941இல் ஹாலிவுட்டில் எடுத்த ஓநாய் மனிதன் படத்தில், நடிகரை அசையாது இருத்தி, மயிரை ஒட்டி ஒரு துண்டு எடுத்து, மேலும் ஒட்டி மற்றொரு துண்டு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைக் கரையவிட்டு இணைத்தனர். 1942இல் வந்த 'பூனை மனிதர்' என்னும் படம் வேறு வழி கண்டது. ஒன்றரை இலட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்த அப்படத்தில், பெண் சிறுத்தையாவதை நேராகக் காட்டாமல் நிழலாலும் ஒலியாலும் உணர்த்தினர். பணமின்மை அங்கே கலைக்குத் துணையாயிற்று.

சிங்கப்பூர்க் கூடங்களில் வசதி இன்னும் குறைவு. கறுப்பு வெள்ளைப் படம். கூடத்திற்குள்ளேயே கட்டிய கம்பத்து வீடுகள். ஒப்பனைக்காரரின் பசையும் பொய்ப் பல்லும். இவற்றோடு பார்ப்போரின் நம்பிக்கையும் மூலதனமாக அமைந்தது. வாழைத் தோப்பில் பெண் குரல் கேட்டால் என்ன பொருள் என்று திரை விளக்க வேண்டியதில்லை. அரங்கிலிருந்த ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் கேட்டிருந்தனர்.

ஊரடங்கும் வெள்ளித்திரையும்

இப்படங்கள் வந்த காலத்தையும் கருதவேண்டும். 1948 ஜூன் 16இல் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. ஊரடங்கு, முள்வேலி, சோதனைச் சாவடி ஆகியவற்றுக்கு நடுவே தோட்டத் தொழிலாளர் வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, இருட்டிலேயே பால்வெட்டச் சென்றவர்கள் அவர்கள். மரங்களுக்கிடையே தோன்றும் உருவம் கொரில்லாவா, சிப்பாயா, புலியா என்பது உயிர்ப் பிரச்சினை. பகலில் ஒருவனாகவும் இரவில் மற்றொருவனாகவும் இருப்பவனைப் பற்றிய கதை அக்காலத்தில் வெறுங்கற்பனையாக இருந்திருக்க முடியாது. யார் யாருக்கு உளவு சொல்கிறார் என்று அறியாத ஊரில், அடுத்த வீட்டுக்காரனும் உருமாறுபவனே.

'பொந்தியானாக்' வெளிவந்த நான்கு மாதத்தில், 1957 ஆகஸ்டு 31இல், மலாயா விடுதலை பெற்றது. மூவின மக்களும் ஒரே அரங்கில் அமர்ந்து ஒரே உருவத்திற்கு அஞ்சிய அரிய காலம் அது. கதை மலாய்க்காரருடையது, முதல் சீனருடையது, இயக்கம் தென்னாட்டாருடையது.

மறைந்த படமும் மறைந்த தோட்டமும்

இத்தகைய 'பொந்தியானாக்' படத்தை இன்று பார்க்க இயலாது. முதல் படத்திற்கும் இரண்டாம் படத்திற்கும் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவதாகிய 'சும்பா பொந்தியானாக்' எஞ்சியுள்ளது. ஹோ ஆ லோக் தம்மிடமிருந்த படச்சுருள்களைப் பயனற்ற ஈயக் குட்டையொன்றில் எறிந்துவிட்டார் என்று திரை வரலாற்றார் கூறுவர். அது உண்மையாயின், ஈயத்தால் வந்த செல்வத்தில் பிறந்த கலை ஈயக் குழியிலேயே புதைந்தது எனலாம். லோக் வான் தோ 1964இல் தைவானில் விமான விபத்தில் மாண்டார். சில ஆண்டுகளில் கத்தே-கிரிஸ் படக்கூடமும் மூடப்பட்டது.

தோட்டங்களின் நிலையும் அதுவே. 1877இல் கோலாகங்சாரில் நட்ட ஒன்பது பால்மரங்களில் தொடங்கிய பேராக்கின் கித்தா வரலாறு, துண்டாடலாலும் செம்பனையாலும் வீட்டுமனைகளாலும் சுருங்கிப் போயிற்று. லயங்கள் இடிந்தன, மக்கள் நகர்ப்புறங்களுக்குச் சிதறினர். புலியும் குறைந்தது. 1950களில் மலாயாவில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாகக் கணிப்பர். 2016க்கும் 2020க்கும் இடையே நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, 150க்கும் குறைவாகவே உள்ளன என்று காட்டியது. புலி மனிதன் கதையில் இப்போது மனிதன் மட்டும் மிஞ்சியுள்ளான்.

ஆயினும் உருமாற்றக் கதை ஓயவில்லை. 2004இல் சுஹைமி பாபா பொந்தியானாக்கை மீண்டும் திரைக்குக் கொணர்ந்தார். 1931ஆம் ஆண்டின் ஈப்போவையும் பத்து காஜாவையும் களமாகக் கொண்டு புலி மனிதன் நம்பிக்கையை இயாங்சி சூ 2019இல் ஆங்கில நாவலாக்கினார். 2023இல் அமண்டா நெல் இயூ இயக்கிய 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்', பருவமெய்தும் சிறுமி புலியாவதைக் காட்டி கேன் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு பெற்றது.

பத்து காஜாவுக்கு அருகே கெல்லி கோட்டை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காத்லாந்துத் துரை தென்னாட்டுத் தொழிலாளரைக் கொண்டு கட்டத் தொடங்கியது. 1926இல் அவர் இறந்ததும் அரைகுறையாக நின்றது. கட்டும்போது தொற்றுநோயால் தொழிலாளர் பலர் மடிந்தனர் என்றும், அதன்பின் அவர்கள் வேண்டுகோளால் மாரியம்மன் கோயில் எழுந்தது என்றும் கூறுவர். அக்கோயிற் கூரையில் தெய்வங்களுக்கு இடையே தொப்பியணிந்த துரையின் உருவமும் உள்ளது. இன்று அங்குச் செல்வோர் கேட்பது துரையின் ஆவியைப் பற்றி. மடிந்த தொழிலாளரின் பெயர்ப் பட்டியலைக் கேட்பார் இல்லை. பேயாக நினைவுகூரப்படுவதற்குக்கூட ஒரு கோட்டை வேண்டியிருக்கிறது போலும்.

நம் கடமை இங்கேதான் உள்ளது. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் சிலிம் ரிவரிலும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். எந்த மரத்தடியில் யார் பிள்ளைப்பேற்றில் இறந்தாள், எந்த ஓடைக்கரையில் முனியாண்டிக்குச் சூலம் நட்டனர், எந்த நிரையில் புலி யாரை அடித்தது என்பதை அவர்கள் பேய்க்கதையாகச் சொல்வர். கேட்பவர் அதனை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், ஊர், ஆண்டு, பெயர் ஆகியவற்றோடு எழுதிவைத்தல் வேண்டும். பதிவேடு இல்லாத மக்களுக்கு அக்கதைகளே பதிவேடு. படச்சுருள் குட்டையில் போனால் அடுத்த தலைமுறை வேறு படம் எடுத்துக்கொள்ளும். இம்முதியோர் போனபின் அவர்கள் சொன்னதை மீட்டெடுக்க எவராலும் இயலாது.